காருக்குக் கட்டிய சீலைமண்

வளைவு திரும்பும்போது நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்பதுகூட நினைவிருக்கிறது. மாட்டுவண்டிக்கும் காருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி. மாட்டுவண்டியாக இருந்தால் இந்நேரம் இரண்டாவது ஓடையைத் தாண்டியிருக்க மாட்டோம், இப்போது பார், பாதி மலை இறங்கிவிட்டோம், கித்தான் திரையை இறக்கிவிட்டால் ஒரு சொட்டு மழை உள்ளே வருகிறதா என்றேன்.

எஸ்தர் பதில் சொல்லவில்லை. என் மனைவி என்னை மறுத்துப் பேசாமல் ஒரு மைல் தூரம் வந்தது, கல்யாணமான ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. காரின் அருமை அவளுக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே இன்னும் அரை மைல் ஓட்டினேன்.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். அவள் தலை திரைமேல் சாய்ந்து கிடந்தது. காலடியில் இருந்த தூக்குச்சட்டி கவிழ்ந்து, ரசம் அவள் பாதத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

காரை நிறுத்தி அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தேன். எட்டு மாதக் கர்ப்பிணி. எனக்கும் தலை சுற்றியது. பயத்தினால் என்று நினைத்தேன். பாறையோரம் உட்காரவைத்து, மழையில் முகத்தைத் தூக்கிப் பிடித்தேன். மழை நெற்றியில் விழுந்து மூக்கில் வழிந்து வாய்க்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் இருமினாள், கண் திறந்தாள்.

"இஞ்ச பாருங்க, நீங்க பறஞ்சதில பாதி கேக்கல்ல" என்றாள். "இன்னொருக்கா சொல்லண்டாம்."

நான் அழுதுவிட்டேன். மழை பெய்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

துரை தள்ளிவிட்டுப் போன வண்டி

போன வாரம் இந்தப் பகுதியில் அட்டைக்கடியைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், நீர் மலையில் வேலை பார்த்தீரா, அட்டை எண்ணிக்கொண்டிருந்தீரா என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டும் செய்தேன். கீரிப்பாறைக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டத்தில் நான் ரைட்டர். துரைக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். துரை ஆட்களைத் திட்டும்போது அதைக் கொஞ்சம் குறைத்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. மரத்தை வெட்டிப் பால் எடுக்கிற கூலிகூடத் தேறாது என்று பால்வெட்டையே நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு இறங்கினார்கள். ஆட்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின. துரையும் கப்பலேறினார். தோட்டத்துக்குக் காவலாக, அரைச் சம்பளத்தில் மிஞ்சியது நானும் பொன்னையனும். கூடவே என் மனைவி.

பொன்னையனுக்கு வேலை புகைப்புரையில். ரப்பர் ஷீட்டுகளைத் துணி காயப்போடுவதுபோல வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை போட்டு உணக்கும் கட்டடம் அது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். புகையை முகர்ந்து பார்த்து எந்த மரத்து விறகு, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவான். அவன் கண் எப்போதும் சிவந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் குடிகாரன் என்று நினைப்பார்கள். குடிக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை நெற்றியில் வெள்ளை நாமம் இட்டு, தலைப்பாகை கட்டி, அய்யாவைக் கும்பிட அடிவாரத்து நிழல்தாங்கலுக்குப் போய் வருவான். கிறிஸ்தவர்களான நாங்கள் அதே வழியில் எங்கள் கோயிலுக்குப் போவோம். பாதி வழிவரை ஒன்றாகப் போய், பாலத்தடியில் பிரிவோம்.

கார் துரையுடையது. கித்தான் கூரை, பக்கத்துக்குக் கித்தான் திரை, காலடியில் மரப்பலகை. அதை வாங்க அந்த நாளில் மாவட்டத்தில் ஒரு மனிதன் கிடைக்கவில்லை. கப்பல் பிடிக்கிற அவசரத்தில் மிகச் சொற்ப விலைக்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இரண்டு நாள் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் நாள் உயிர்மேல் ஆசை வந்து நிறுத்திக்கொண்டார்.

அரைச் சம்பளக்காரனுக்குக் கார் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இதில் வேடிக்கை ஒன்றுமில்லை.

அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கள் முதல் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தான். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி எஸ்தரைப் படுக்கவைத்து மலையிறங்கினோம். மிஷன் ஆஸ்பத்திரிக்கு அரை நாள் வழி. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி தூக்கிப்போட்டது. பிள்ளை வண்டியிலேயே பிறந்தான். அழவில்லை. பெயர்கூட வைக்காமல் புதைத்தோம். எஸ்தர் பிழைத்தது பெரிது என்றார்கள். பெரிதுதான். அவள் மறுபடி உண்டானதும், இனி மாட்டுவண்டி இல்லை என்று முடிவு செய்தேன். துரை கப்பலேறியது அந்தச் சமயத்தில்தான்.

டாக்டரம்மாவின் கட்டளை

எஸ்தர் மயங்கிய அன்று, மழையில் நனைந்தபடியே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தமிழைப் பைபிள் வாசித்துக் கற்றுக்கொண்டவர். வாயைத் திறந்தால் தீர்க்கதரிசி பேசுவதுபோல இருக்கும். எஸ்தரைப் பரிசோதித்தார். வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"ஐயா, உம்முடைய ரதம் உம்முடைய மனைவியைக் கொல்லும்" என்றார்.

புகைக்குழாயில் எங்கோ ஓட்டை. மழைக்காகத் திரையை இறக்கிவிட்டதால், பலகை இடுக்கு வழியாக வந்த புகை உள்ளேயே அடைந்துவிட்டது. அதில் மணமில்லாத விஷம் ஒன்று உண்டு என்றார். தாய்க்கும் போகும், பிள்ளைக்கும் போகும்.

"பிள்ளை இப்போதும் குறுக்கே இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை இங்கே வந்து தங்கக்கடவீர்கள். வலி கண்டபின் வராதேயும். மாட்டுவண்டியில் வராதேயும். இந்தப் புகையிலும் வராதேயும்."

பின்னே எதில் வருவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கழுதை என்று சொல்லியிருப்பார்.

நாற்காலியில் வைத்துச் சுமந்து வரலாம் என்றால், சுமக்க மலையில் ஆளில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் எங்களுக்கு உறவென்றும் யாருமில்லை. அன்றைக்குக் கித்தானை முழுக்க மடக்கிவிட்டு, காற்றோட்டமாக நனைந்துகொண்டே வீடு திரும்பினோம். எஸ்தருக்கு மூன்று நாள் காய்ச்சல். ஆகவே திரையில்லாமல் போகிற வழியும் அடைபட்டது.

காய்ச்சல் விட்டதும் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். காலடிப் பலகையைக் கழற்றினால் குழாயின் முதுகு தெரியும். ஓட்டை வயிற்றுப் பக்கம். துருப்பிடித்து, இரண்டு விரல் நுழைகிற அளவு. நாகர்கோவிலில் ஒரு பட்டறைக்கு எழுதிக் கேட்டேன். புதுக்குழாய் கடல் கடந்து வரவேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. அடிவாரத்துக் கொல்லரைக் கூட்டிவந்தேன். அவர் நகத்தால் குழாயைச் சுரண்டினார். சுரண்டிய இடம் உதிர்ந்தது.

"சுத்தியலு பட்டா ஒக்க உதிந்துபோவும், சாரே. நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரப்பர் இருக்கும்போது இரும்பு எதற்கு

இந்த யோசனை பொன்னையனுடையது என்று எழுதத்தான் ஆசை. பாதி என்னுடையது.

விலைபோகாத ரப்பர் கிடங்கு நிறையக் கிடந்த நாள் அது. மலையில் எல்லாவற்றையும் ரப்பரால்தான் சரிசெய்தோம். வாளி ஓட்டைக்கு ரப்பர். கூரை ஒழுக்குக்கு ரப்பர். ஆடுகிற கட்டில் காலுக்கு ரப்பர். எஸ்தரின் அம்மிக்கு அடியில் ஒரு ஷீட், என் செருப்புக்கு அடியில் ஒன்று. ரப்பரால் தீராத பழுது கிடையாது என்று மனப்பூர்வமாக நம்பினோம். விற்க முடியாத பொருளைப் பற்றி வேறு எப்படி நினைப்பது?

"ரைட்டரே, ரப்பரு கெடக்கப்போ இரும்புக்கு என்னத்துக்கு அலையணும்?" என்றான் பொன்னையன். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரத்தில் வழிந்து காய்ந்த பாலை உரித்தெடுத்தால் அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். எதிலும் ஒட்டும். ஒட்டினால் விடாது. அதை ஓட்டையில் அடைத்தோம். மேலே ஷீட்டை மூன்று சுற்றுச் சுற்றினோம். கம்பியால் வரிந்து கட்டினோம். சனிக்கிழமை மத்தியானம், மழை கொஞ்சம் விட்டிருந்தது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றிக் காரைக் கிளப்பினேன்.

என்ன அமைதி! எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து கையை வைத்துப் பார்த்தேன். பலகை மேல் பொன்னையன் மூக்கை வைத்து முகர்ந்தான்.

"கொள்ளாம். ஒரு பொட்டுப் புகை இல்ல" என்றான்.

இருவரும் பெருமையாகக் கிளம்பி, முதல் ஓடைவரை போனோம். திரும்பும்போது ஒரு வாடை வந்தது. ரப்பர் தோட்டத்தில் ரப்பர் வாடை வருவது இயற்கைதான் என்று நான் பொருட்படுத்தவில்லை. பிறகு காலடியில் ஏதோ சொட்டுகிற சத்தம்.

"ரைட்டரே, தீ பிடிச்சிருக்கு" என்றான் பொன்னையன். கஞ்சி ஆறிவிட்டது என்று சொல்கிற அதே குரலில்.

கீழே குதித்தான். சாலையோரத்தில் இருந்த கறையான் புற்றை ஒரே மிதியில் உடைத்தான். மழையில் ஊறிய அந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, அடியில் எரிந்துகொண்டிருந்த குழாய்மேல் எறிந்தான். நானும் எறிந்தேன். பாதி என் வேட்டியில் விழுந்தது. கடைசியில் தீ அணைந்தது. ரப்பர் உருகி வழிந்து, நாற்றம் மட்டும் நின்றது.

காரைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தோம். எஸ்தர் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"அடுப்புச் சட்டிக்கு ரப்பரு வச்சா உருகாதா? இருவது வருசம் புகைப்புரையில நிக்குதீரு, ஒமக்குமா தெரியல்ல?" என்று பொன்னையனைக் கேட்டாள்.

"நான் புகையாக்கும் போடுகது, ரைட்டரம்மா" என்றான் அவன். "தீயப் பத்தி எனக்குத் தெரியாது."

வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மாட்டுவண்டிச் சத்தம் காதில் கேட்டது. அப்போது வண்டி எதுவும் வரவில்லை.

கையில் சேற்றோடு வந்த பெண்

எஸ்தர் காருக்குப் பக்கத்தில் போனாள். குனிய முடியாது. காலால் தரையைத் துழாவி, குழாயிலிருந்து உதிர்ந்து கிடந்த ஒரு மண்கட்டியைப் பொன்னையனிடம் எடுத்துத் தரச் சொன்னாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சூட்டில் வெந்து ஓடுபோல இறுகியிருந்தது. விரலால் தட்டினாள்.

"மண்ணு கொள்ளாம், நல்லாத்தான் வெந்திருக்கு" என்றாள். "சீலை இல்லாததுனால நிக்கல்ல."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எஸ்தருக்கு ஊர் அருமனை. அவள் அப்பா நாட்டு வைத்தியர். எங்களைப்போல வேதக்காரர்தான், ஆனால் சிப்பி, சங்கு, செம்பு, இரும்பு என்று கிடைப்பதையெல்லாம் எரித்துப் பஸ்பமாக்கி மருந்து கொடுப்பார். நான் இங்கிலீஷ் மருந்தைத் தவிர எதையும் நம்பாதவன். சாம்பல் வைத்தியர் என்று எஸ்தரிடம் சொல்வேன். அவரிடம் சொன்னதில்லை.

நான் பெண் பார்க்கப் போன அன்று, முந்திரிக்கொத்துப் பலகாரத் தட்டோடு அவள் வந்தபோது கை முழங்கைவரை சேறு. கழுவித்தான் வந்திருந்தாள். நக இடுக்கிலும் முழங்கையிலும் காய்ந்து வெளுத்திருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் என் அக்கா முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"புள்ள லெச்சணமாத்தான் இருக்கு. வயலுல இருந்து நேரா கூட்டியாந்து நிறுத்தின மாதிரியில்லா இருக்கு!"

அது வயல் சேறு இல்லை. மருந்தை இரண்டு மண் அகலுக்கு நடுவில் வைத்து மூடி, மூடிய இடுக்கைச் சுற்றி, மண் பூசிய துணியைச் சுற்றுவார்கள். அது காய்ந்ததும் மேலே இன்னொன்று. இப்படி ஏழு. அதற்குச் சீலைமண் என்று பெயர். அப்புறம் எருவட்டி அடுக்கி நெருப்பில் வைப்பார்கள். இடுக்கில் இம்மி புகை கசிந்தாலும் மருந்து போயிற்று. அந்த வீட்டில் பத்து வயதிலிருந்து சீலைமண் சுற்றியது எஸ்தர். அவள் அப்பாவின் கை நடுங்கும்.

இதெல்லாம் கல்யாணமான பிறகு அவளே சொன்னதுதான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்க அப்பாக்க வீட்டில ராமுழுக்க தீயில கெடக்கும். ஒரு பொட்டுப் புகை வெளிய வராது" என்றாள் இப்போது. "ஒங்க குழாயி அதைவிட சூடா?"

தெரியாது என்றேன். அது உண்மை.

தகரப்பெட்டி

மறுநாள் ஞாயிறு. யாரும் எதையும் தொடவில்லை, அவள் விடவில்லை. நிழல்தாங்கலுக்குக் கிளம்பும்போது பொன்னையன் எங்கள் வாசலில் நின்று, "அய்யாகிட்டயும் சொல்லி வைக்கேன்" என்றான். எஸ்தர் சரி என்று தலையாட்டினாள். வேதக்காரி அதற்குத் தலையாட்டியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பொன்னையன் ஒரு கூடை புற்றுமண் கொண்டுவந்தான். எஸ்தர் அதைச் சலித்து, தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கருப்பட்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். மாவு பிசைகிற பதம். எல்லாம் சரி, துணி வேண்டும். சாக்கைக் காட்டினேன், கண்ணி பெரிது, மண் நிற்காது என்றாள். என் புது வேட்டியைக் காட்டினேன். கஞ்சிப்பசை போகவில்லை, மண் பிடிக்காது. பழைய வேட்டி சனிக்கிழமைத் தீயில் சல்லடையாக ஓட்டை விழுந்து கிடந்தது. மெல்லிசாக, பல தடவை அலசித் தேய்ந்த துணிதான் வேண்டும்.

கையைக் கழுவினாள். பிறகு உள்ளே போனாள். தகரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் கொண்டுவந்தது பிள்ளைத்துணி. அவளுடைய செத்துப்போன அம்மாவின் பழைய முண்டுத் துணியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்தது. முதல் பிள்ளைக்கு என்று வைத்தது. மூன்று வருஷமாக ஒரு மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. வசம்பு மணம் இன்னும் போகவில்லை.

"அது வேண்டாம்" என்றேன்.

"பின்ன எதுக்கு வச்சிருக்கு?"

"வரப்போகிற பிள்ளைக்கு ஆகும்."

"அதுக்கு வேற கிழிச்சுக்கிடலாம். இது அவனுக்குள்ளது." முதல் துணியின் ஓரத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். "அவனும் ஏதாவது செய்யட்டு."

பொன்னையன் எழுந்து விறகு பார்க்கப் போனான். நான் போக இடமில்லாமல் அங்கேயே நின்றேன்.

புகைப்புரைக்குள் கார்

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வெயிலே இல்லை. ஒவ்வொரு சுற்றும் காய்ந்தால்தான் அடுத்தது. எஞ்சினைக் கிளப்பிச் சூட்டில் காயவைக்கலாம் என்று நான் சொன்னேன். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், பைய உணங்கணும் என்றாள் எஸ்தர்.

உணக்குவதற்கென்றே மலையில் ஒரு கட்டடம் காலியாகக் கிடந்தது. நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் அதைத் திரும்பிப் பார்த்தோம்.

பெட்ரோலை முழுக்க வடித்துத் தூரத்தில் கொண்டுவைத்தோம். காரைத் தள்ளிக்கொண்டு போனோம். புகைப்புரை வாசல் காரைவிட நாலு விரல்தான் அகலம். ஒரு பக்கத்து மட்கார்டு சுவரில் உரசிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது. மாதக்கணக்காக வெறுமையாக இருந்த புகைப்புரையில் பொன்னையன் தீ மூட்டினான். பலா விறகு போதும், புளி சூடு கூடும் என்றான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். எஸ்தர் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, துணியில் மண்ணைத் தேய்த்துத் தேய்த்து நீட்டினாள்.

"இறுக்கப்பிடாது. தொளதொளன்னும் விடப்பிடாது. பிள்ளைக்கு வயித்தில கட்டுகது மாதிரி."

"நான் எப்போது பிள்ளைக்குக் கட்டியிருக்கிறேன்?"

"இப்பம் கட்டிப் படியுங்க" என்றாள்.

ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. முதல் சுற்று வெடித்தது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றச் சொன்னாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழாவது முடிந்தது. அதன்மேல் பிஸ்கட் டின்னை வெட்டிப் பொன்னையன் ஒரு தகரம் வளைத்துக் கம்பி கட்டினான். காரை வெளியே தள்ளினபோது கித்தான் கூரை புகையேறி, நல்ல முதல்தர ரப்பர் ஷீட் நிறத்தில் இருந்தது. அந்தக் காரில் பிற்பாடு ஏறியவர்கள் எல்லோருக்கும் கருவாடு ஞாபகம் வந்தது.

மறுத்துப் பேசிக்கொண்டே வந்த வழி

வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. திரையை இறக்கிவிட்டோம். பின்னால் பொன்னையன், பக்கத்தில் ஒரு வாளி ஈரமண்ணோடு, காலடிப் பலகையில் மூக்கை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

வாசனையில்லாத விஷம் என்று டாக்டரம்மா சொன்னது என் மண்டையில் ஏறியிருந்தது. பொன்னையன் மூக்குக்கும் எட்டாத புகை. அதனால் எஸ்தரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரி வரும்வரை பேசிக்கொண்டே வா. நிறுத்தாதே."

"என்னத்தப் பறைய?"

"எதையாவது. என்னிடம் உனக்குப் பிடிக்காததைச் சொல்."

முதல் ஓடை வருமுன் தொடங்கினாள். கேட்காமல் கார் வாங்கியது. ஈரத் துண்டைப் பைபிள்மேல் போடுவது. அவள் அப்பாவின் கடிதத்துக்கு ஒரு வருஷமாகப் பதில் போடாதது. சாம்பல் வைத்தியர் என்றது. பெண் பார்க்க வந்த அன்று ஒன்பது முந்திரிக்கொத்துத் தின்றது. அவள் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினாளாம். பிரசங்கத்தில் தூங்குவது. தூங்கவில்லை என்று சொல்வது. என் அக்கா அன்றைக்கு வழியில் சொன்னது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அதையும் சொன்னாள். இரண்டாவது ஓடை தாண்டி, வளைவு தாண்டி, பாறை தாண்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் தெளிவாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியாக நான் எதையும் கேட்டதில்லை.

அடிவாரம் வந்ததும் சட்டென்று பேச்சு நின்றது.

நான் பிரேக்கை மிதித்த வேகத்தில் பொன்னையன் வாளியோடு புரண்டான். "எஸ்தர்! எஸ்தர்!" என்று கத்தினேன்.

"இருங்க" என்றாள். "அடுத்தது என்னன்னு யோசிக்கண்டாமா?"

பின்னாலிருந்து மண் அப்பிய முகத்தோடு பொன்னையன் எழுந்தான். "புகை இல்ல, ரைட்டரே. நீரு வண்டிய விடும். ரைட்டரம்மா, அந்த முந்திரிக்கொத்து ஒம்பதா பத்தா?"

ஏழும்

அடுத்த புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி வாக்கில் டாக்டரம்மா வெளியே வந்தார். முழங்கைவரை நனைந்திருந்தது. குறுக்கே கிடந்த பிள்ளையைக் கையாலேயே திருப்பியிருந்தார்.

"உமக்குக் குமாரத்தி பிறந்தாள். அவள் சத்தம் பெரிது" என்றார்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அழுகிற சத்தம். மூன்று வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த சத்தம் அதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அங்கே மழை இல்லாததால் எல்லோரும் பார்த்தார்கள். வாசல் படியில் பொன்னையன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் கண்தான் எப்போதும் சிவப்பாயிற்றே.

மாமனாருக்கு அன்றைக்கே கடிதம் எழுதினேன். சீலைமண் நின்றது என்றும் எழுதினேன். சாம்பலைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

தற்காலிகமாகக் கட்டியதுதான். புதுக்குழாய் வரும்வரை என்று நினைத்தோம். புதுக்குழாய்க்கு மறுபடி எழுதவேயில்லை. ஐந்து வருஷம் ஓடிற்று. கடைசியில் எஞ்சின் செத்துவிட, குலசேகரத்திலிருந்து ஒருவர் இரும்பு விலைக்குக் காரை வாங்க வந்தார். அவருடைய ஆள் குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது என்ன கருமம் என்று உளியை வைத்து அடித்தான். மூன்று அடிக்கு அசையவில்லை. நாலாவது அடியில் ஒரு துண்டு தெறித்து என் காலடியில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். துணி எப்போதோ எரிந்து போயிருந்தது. மண் செங்கல்லாக வெந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் துணியின் இழை அப்படியே பதிந்திருந்தது. ஒரு ஓரத்தில், அவள் பிரிக்காமல் விட்டிருந்த தையல்கூடத் தெரிந்தது.

உள்ளே கொண்டுபோய் எஸ்தரிடம் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் நகத்தை ஓட்டி எண்ணினாள்.

"ஏழும் நின்னிருக்கு" என்றாள்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். ஐந்து வயது. "இது என்னம்மா?"

"ஒனக்க அண்ணனுக்குள்ளது."

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்ததை அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. மகள் அந்தத் துண்டை வாங்கி, தையல் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணன் என்ன செய்தான்?"

"ஒன்னைப் பெற என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்" என்றாள் எஸ்தர். துண்டை வாங்கித் தகரப்பெட்டியில் வைத்து மூடினாள்.

வண்டியை ஓட்டியது நான்தான். ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை.